“மான நஷ்ட வழக்கு போடுவேன்!” – சட்டம் கேளுங்கள் பகுதி

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாட்ஸ்அப்பில் தொடங்கி வக்கீல் நோட்டீஸில் வந்து நிற்கும் சண்டைகள். பதில்களுக்கு முன் ஒரு குறிப்பு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுக்கு வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பு பேசியது, எழுதியது எல்லாவற்றுக்கும் பழைய பிரிவுகளே பொருந்தும். தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை செய்யச் சொல்வதும் புதிய சட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் பொருளாளர். 84 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “லிஃப்ட் பராமரிப்புப் பணம் இப்போ புது ஸ்கூட்டரா ஓடுது போல” என்று போட்டார். போன மாதம் ஸ்கூட்டர் வாங்கியது நான் ஒருவன்தான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், “கோர்ட்டுக்குப் போங்க” என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், தாம்பரம்

அவர்கள் சொன்னது சரிதான். அவதூறு என்பது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கும் குற்றம் அல்ல. சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அவதூறுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, போலீஸை விசாரிக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடவும் முடியாது. நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கி வையுங்கள். இன்ன தேதியில் புகார் சொன்னீர்கள் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

உங்கள் வழி, குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் தனிநபர் புகார். பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும். உங்களுக்காக சங்கத் தலைவரோ மைத்துனரோ கொடுத்தால் செல்லாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர், மனநலம் குன்றியவர், நடமாட முடியாத நோயாளி போன்றவர்களுக்காக மட்டும் நீதிமன்ற அனுமதியோடு இன்னொருவர் கொடுக்கலாம்.

முதலில் ஃபோனைக் கவனியுங்கள். அந்தப் பதிவைப் படம் பிடித்து வைத்திருப்பீர்கள். அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் ஃபோனில் நீங்கள் சேமித்த பெயர்தான் தெரியும். “சி பிளாக் வம்பு” என்று சேமித்திருந்தால் கோர்ட்டிலும் அதுதான் தெரியும். எனவே அவருடைய எண் தெரியும் பக்கம், குழுவின் பெயரும் உறுப்பினர் எண்ணிக்கையும் தெரியும் பக்கம், பதிவுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து செய்திகள், தேதி, நேரம் எல்லாம் சேரவேண்டும். குழு உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து வையுங்கள். அவர் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழித்துவிட்டிருந்தால், அதற்கு முன் பார்த்த இரண்டு பேரின் சாட்சியம்தான் உங்களுக்குத் துணை. வழக்கு முடியும்வரை அந்த ஃபோனை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் கொடுக்காதீர்கள்.

படத்தை அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் சாட்சியமாகாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழுடைய புது வடிவம் இது. ‘அ’ பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) அதில் வரவேண்டும். பழைய ஒற்றைப் பக்க மாதிரியை அப்படியே தாக்கல் செய்துவிட்டு, குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வது இப்போது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது புகாரின் வாசகம். “என்னைக் கேவலமாக எழுதினார்” என்று எழுதினால் நிற்காது. அவர் எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் மேற்கோளாகக் கொடுங்கள். உங்கள் விஷயத்தில் அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை, திருடன் என்றும் சொல்லவில்லை. அதனால் தப்பிவிட முடியாது. நையாண்டியாக, மறைமுகமாகச் சொல்வதும் அவதூறாகலாம் என்று 356-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஆனால் அந்த வரியைப் படித்தவர்கள் அது உங்களைத்தான் குறிக்கிறது என்று புரிந்துகொண்டதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். “சார், என்ன இப்படிப் போட்டிருக்காங்க?” என்று அன்றே உங்களைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான் இந்த வழக்கின் முக்கிய சாட்சி.

புகார் கொடுத்ததும் மாஜிஸ்திரேட் உங்களையும் சாட்சிகளையும் சத்தியப் பிரமாணத்தில் விசாரிப்பார். வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவு கொண்டுவந்த மாற்றம். முன்பெல்லாம் சம்மன் கையில் வந்த பிறகுதான் அவருக்கு வழக்கே தெரியும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இது. உள்ளே தள்ளிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இது சம்மன் வழக்கு (இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களுக்கான எளிய நடைமுறை). வாய்தா நாளில் நீங்கள் வராமல் போனால், 30 நாள் அவகாசம் கொடுத்தும் வராமல் போனால், அவரை விடுதலை செய்துவிடலாம். குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சங்கக் கணக்கை, லிஃப்ட் கம்பெனியின் ரசீதுகளோடு, ஆடிட்டர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்க மாட்டார், வவுச்சர்களைத்தான் கேட்பார். திருடவே இல்லையென்றாலும், கையெழுத்தில்லாத நாலு வவுச்சர் போதும் வழக்கைக் குலைக்க. ஆடிட் அறிக்கை கைக்கு வந்ததும் அதே குழுவில் போடுங்கள். பல வழக்குகளுக்கு அதோடு தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

மான நஷ்டமாக ஒரு கோடி கேட்கலாம் என்கிறார் நண்பர். கேட்டால் கிடைக்குமா? எவ்வளவு செலவாகும்?
– வாசகி, ஈரோடு

நோட்டீஸில் கோடி கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. வழக்குத் தாக்கல் செய்யும்போது கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017 வரை இது 7.5 சதவீதமாக இருந்தது. ஒரு கோடி கேட்டால் மூன்று லட்சம் முன்பணமாகப் போகும். பத்து லட்சத்துக்கு முப்பதாயிரம். நோட்டீஸில் கோடியாக இருந்தது பிராதில் (வழக்கு மனுவில்) லட்சமாகக் குறைவதற்குக் காரணம் இதுதான்.

இதைவிட முக்கியம் கெடு. குற்ற வழக்குக்கு மூன்று ஆண்டுகள் என்றேன். நஷ்டஈட்டு வழக்குக்கு ஒரே ஓர் ஆண்டு. காலவரையறைச் சட்டத்தின் 75, 76-வது கூறுகள் இதைச் சொல்கின்றன: எழுத்தில் வந்தால் வெளியான நாளிலிருந்து, வாய்ச்சொல் என்றால் பேசிய நாளிலிருந்து. காவல் நிலையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் நடந்தே பத்து மாதம் போய், பதிமூன்றாவது மாதம் வக்கீலிடம் வருபவர்கள் உண்டு. நோட்டீஸ் அனுப்பியதால் கெடு நீளாது. இந்த வழக்குக்கு முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டும் என்ற விதியும் இல்லை. “இணையத்தில் இன்னும் இருக்கிறதே, தினமும் புதுக் குற்றம்தானே?” என்று கேட்பவர்களுக்கு: முதலில் வெளியிட்ட நாளிலிருந்தே ஓராண்டு எண்ணப்படும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ‘தினமும் புதுக் குற்றம்’ என்பதை நம்பி உட்கார்ந்திருக்காமல், பதிவு வந்த தேதியைச் சுவரில் மாட்டிய காலண்டரில் வட்டமிடுங்கள்.

வழக்கை எதிராளி வசிக்கும் ஊரிலும் போடலாம், உங்கள் பெயருக்குக் கெடுதல் நேர்ந்த ஊரிலும் போடலாம். தேர்வு உங்களுடையது.

பதிவை உடனே எடுக்கச் சொல்லி இடைக்காலத் தடை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பத்திரிகைக் கட்டுரை என்றால் அவ்வளவு சுலபமல்ல. ஜீ தொலைக்காட்சி நிறுவனம் பற்றி ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்ட கட்டுரைக்குக் கீழமை நீதிமன்றம் விதித்த தடையை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டுரை பொய் என்பது பார்த்தவுடனே தெரியாதவரை, விசாரணைக்கு முன்பே வாயை அடைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

ஒருவர் என்னிடம் 3 லட்சம் வாங்கி இரண்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை. அவர் படத்தைப் போட்டு “கடன்காரர், ஜாக்கிரதை” என்று தெருவில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறேன். உண்மையைச் சொல்வது எப்படி அவதூறாகும்?
– வாசகர், திருப்பூர்

ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள். நஷ்டஈட்டு வழக்கில் உண்மை முழுப் பாதுகாப்பு. குற்ற வழக்கில் அது பாதிதான். சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், அதைச் சொன்னதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். சட்டத்திலுள்ள பத்து விலக்குகளில் (எவையெல்லாம் அவதூறு ஆகாது என்ற பட்டியல்) முதலாவது இதுதான். இரண்டையும் நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில். உங்களுக்கு வரவேண்டிய மூன்று லட்சத்தில் தெருவுக்கு என்ன நன்மை என்று மாஜிஸ்திரேட் கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இல்லை. பலரிடம் சீட்டுப் பணம் வசூலித்து ஓடியவரைப் பற்றி எச்சரிப்பது வேறு கதை.

புரோநோட்டு இருந்தால் எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பண வழக்குப் போட வேண்டும். இடையில் அவர் வட்டி கட்டி, நோட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு போய்விட்டது. ஃப்ளெக்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை வக்கீலுக்குக் கொடுங்கள்.

உணவகம் ஒன்றைப் பற்றி இணையத்தில் “பழைய சாம்பாரைக் கலக்கி ஊற்றுகிறார்கள், சாப்பிட்டால் ஆஸ்பத்திரிதான்” என்று ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினேன். 50 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் பதில் தராவிட்டால் என்ன ஆகும்?
– வாசகி, கோவை

தானாக ஒன்றும் ஆகாது. நோட்டீஸில் உள்ள 15 நாள் அந்த வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. இருந்தாலும் பதில் கொடுங்கள். பேசாமல் இருந்ததை ஒப்புக்கொண்டதாகப் பின்னால் திரித்துப் பேசுவார்கள்.

எழுதியதைப் பிரித்துப் பாருங்கள். “சாம்பார் புளித்திருந்தது” என்றால் அது நீங்கள் ருசித்தது. யாரும் மறுக்க முடியாது. “பழையதைக் கலக்குகிறார்கள்” என்பது சமையலறையில் நடப்பதைப் பற்றிய தகவல். உள்ளே போய்ப் பார்த்தீர்களா? “ஆஸ்பத்திரிதான்” என்பதற்கு மருத்துவர் சீட்டு உண்டா? கருத்தாக நின்ற வரி தகவலாக மாறும் இடத்தில்தான் வழக்கு பிறக்கிறது. பில், சாப்பாட்டின் படம், யாருடன் போனீர்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் பழைய பதிவைப் படம் பிடித்துக்கொண்டு, பிறகு இப்படித் திருத்துங்கள்: “இன்ன தேதி மதியம் சாப்பிட்டேன். சாம்பார் புளித்திருந்தது. சொல்லியும் மாற்றித் தரவில்லை.” நட்சத்திரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், என்ன எழுதினீர்கள் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் படம் மட்டுமே மிஞ்சும்.

நான் எழுதவில்லை, வந்ததை ஃபார்வர்டு செய்தேன். எனக்கும் வழக்கா? குழு அட்மினுக்கும் பொறுப்பு உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

ஃபார்வர்டு செய்தவருக்கு உண்டு. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது சட்டத்தில் ஒரு விலக்கே அல்ல. மூன்றாவது ஆளிடம் சேர்த்ததும் நீங்களும் வெளியிட்டவர்தான். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவைப் பகிர்ந்ததற்கான வழக்கை ரத்து செய்யக் கோரி நடிகர் எஸ்.வி.சேகர் போனபோது, 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விட்ட அம்பு, பொறுப்பை ஏற்றே ஆகவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. அது அவதூறுப் பிரிவின் கீழ் வந்ததல்ல. 2024 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், கெஜ்ரிவால் செய்த மறுட்வீட்டை அவதூறுப் பிரிவின் கீழேயே ‘வெளியீடு’ என்று எடுத்துக்கொண்டது. கீழே “எவ்வளவு உண்மையோ தெரியல” என்று சேர்ப்பதால் தப்ப முடியாது. விசாரிக்காமல் அனுப்பினீர்கள் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

அட்மின் வேலையை மட்டும் செய்தவருக்குப் பொறுப்பில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் இப்படித்தான் ஓர் அட்மினின் பெயரை வழக்கிலிருந்து நீக்கச் சொன்னது.

கிராமத்தில் பட்டா மாற்ற லஞ்சம் கேட்ட அலுவலர் மீது ஆட்சியரிடம் மனு கொடுத்தேன். “நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு வழக்குதான்” என்கிறார்.
– வாசகர், திருவண்ணாமலை

மனு கொடுத்தது தப்பல்ல. விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு குற்றச்சாட்டு கொடுப்பது எட்டாவது விலக்கு. ‘நல்லெண்ணம்’ என்றால் மனசாட்சி மட்டும் போதாது; உரிய கவனத்தோடு செய்யாத எதையும் நல்லெண்ணம் என்று சட்டம் ஏற்காது. எந்தத் தேதியில், எவ்வளவு, யார் முன்னால் கேட்டார் என்று மனுவில் எழுதினீர்களா? அதுதான் கவனம். அந்த மனுவின் நகலை ஊர் குழுவிலும் முகநூலிலும் போட்டிருந்தால், அங்கே இந்த விலக்கு பொருந்தாது. குழுவில் இருப்பவர்களுக்கு அந்த அலுவலரை விசாரிக்கும் அதிகாரம் இல்லை.

அரசு ஊழியர் என்பதற்காகக் கூடுதல் பயம் வேண்டாம். அவர் எல்லோரையும் போல மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அரசு அனுமதி பெற்று, ஆறு மாதத்துக்குள், அரசு வழக்கறிஞர் மூலம் செஷன்ஸ் கோர்ட்டிலும் புகார் கொடுக்க வழி உண்டு. இந்த இரண்டாவது வழி தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் தண்ணீராகச் செலவானது. ஐந்தாண்டுகளில் இருநூறுக்கு மேல் வழக்குகள் போடப்பட்டதை 2016-இல் உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்டது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகையாளர்கள் மீதான அப்படிப்பட்ட வழக்குகளைக் கூட்டாக ரத்து செய்தது. நஷ்டஈடு என்றால் இன்னும் கடினம். ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் தொடர்ந்த வழக்கில் 1994-இல் வந்த தீர்ப்பின்படி, அலுவலகப் பணி சம்பந்தப்பட்ட விமர்சனத்துக்கு அரசு ஊழியர் நஷ்டஈடு கேட்க முடியாது. எழுதியது பொய், உண்மையா என்று பார்க்கவும் கவலைப்படவில்லை என்று அவர் காட்டினால்தான் உண்டு.

எங்கள் சமூகத்தைப் பற்றி மேடையில் ஒருவர் இழிவாகப் பேசினார். சங்கத்தின் சார்பில் அவதூறு வழக்குப் போடலாமா? – மதுரை

பெரும்பாலும் நிற்காது. நடிகை குஷ்பு 2005-இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காகப் பல ஊர்களில் போடப்பட்ட 23 புகார்களையும் 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யாரையும் குறிப்பிடாத பேச்சில் புகார்தாரர் ‘பாதிக்கப்பட்டவர்’ ஆக மாட்டார் என்பது ஒரு காரணம். எல்லை தெளிவாகத் தெரியும் சிறு குழு என்றால் வேறு. “இந்தப் பள்ளி அறங்காவலர்கள் ஏழு பேரும் கள்ளக் கணக்கு” என்றால் ஏழு பேரில் யாரும் வழக்குப் போடலாம். பகையை மூட்டும் பேச்சு என்றால் அதற்கு வேறு பிரிவுகள், அதில் போலீஸும் வரும்.

நேருக்கு நேர், தனியறையில், கெட்ட வார்த்தையில் திட்டினார். – திருச்சி

அவதூறு அல்ல. மூன்றாவது ஆள் கேட்கவில்லை. பொது இடம் என்றால் ஆபாசமாகத் திட்டியதற்கு 296-வது பிரிவு, மிரட்டினால் 351. 296 போலீஸ் நிலைய விஷயம்.

இறந்துபோன என் தந்தையைப் பற்றித் தவறாக எழுதியிருக்கிறார்கள். – காரைக்குடி

குற்ற வழக்குப் போடலாம். குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியதாக நீங்கள் காட்ட வேண்டும். நஷ்டஈடு கேட்க முடியாது. அவர் உயிரோடு இருந்தபோதே போட்ட மான நஷ்ட வழக்கும் அவரோடு முடிந்துபோகும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-வது பிரிவு வாரிசுகளுக்குப் போகாத உரிமைகளில் இதையும் சேர்த்திருக்கிறது.

விவாகரத்து வழக்கின் எதிர்மனுவில் கணவர் என் நடத்தையைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறார். கோர்ட்டில் எழுதியதற்கு வழக்குப் போட முடியாது என்கிறார்களே? – சேலம்

நஷ்டஈடு கேட்க முடியாது என்பது சரி. குற்ற வழக்குக்கு அந்த முழு விலக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1926-லேயே சொல்லியிருக்கிறது. கணவர் பத்து விலக்குகளில் ஒன்றுக்குள் வந்தாக வேண்டும். ஆனால் இப்போதே தனிப் புகார் கொடுத்தால் இரண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். விவாகரத்து வழக்கிலேயே அவரைக் குறுக்கு விசாரணை செய்து, ஆதாரம் இல்லை என்று பதிவாகட்டும். அந்த வாக்குமூலத்தின் சான்றிட்ட நகல்தான் பிறகு உங்கள் புகாருக்கு முதல் ஆவணம். மூன்றாண்டுக் கெடுவை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வழக்குப் போட்ட பிறகு எதிராளி மன்னிப்புக் கேட்கிறார். முடித்துக்கொள்ளலாமா? – விழுப்புரம்

தாராளமாக. பாதிக்கப்பட்டவரே சமாதானமாகப் போகலாம் என்று சட்டம் விட்டிருக்கும் குற்றம் இது. மன்னிப்பின் வாசகத்தை மட்டும் நீங்கள் பார்த்துச் சம்மதியுங்கள். “யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்பதில் சொன்னது பொய் என்ற ஒப்புதல் இல்லை. “இன்ன தேதியில் நான் எழுதிய இந்த வரி ஆதாரமில்லாதது, திரும்பப் பெறுகிறேன்” என்று இருக்க வேண்டும். எங்கே எழுதினாரோ அங்கேயே அது வரவேண்டும். 84 பேர் குழுவில் போட்டதற்குத் தனிச் செய்தியில் மன்னிப்புக் கேட்டால் மீதி 82 பேருக்குப் பழைய வரிதான் நினைவிருக்கும். அது வெளியான பிறகு சமரச மனுவில் கையெழுத்திடுங்கள், முன்பல்ல. நஷ்டஈட்டு வழக்கும் போட்டிருந்து இருவரும் பேசி முடித்துக்கொண்டால், கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தவர்களுக்கும் அது உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உறுதி செய்திருக்கிறது. மனுப் போட்டுக் கேட்டால்தான் வரும்.